மாட்டாத லென்ஸும் முறுக்குகிற கையும்

செகண்ட் ஹேண்டில் லென்ஸ் வாங்குகிறவர்கள் எல்லோரும் பயப்படுவது பூஞ்சைக்குத்தான். கண்ணாடிக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள், கீறல் தேடுகிறார்கள், ஃபோகஸ் வளையத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால் லென்ஸின் பின்பக்கத்தை, அதாவது கேமராவோடு சேருகிற அந்த வளையத்தை, யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. பின்மூடியைத் திறக்காமலேயே பணம் கைமாறிவிடுகிறது.

பிறகு வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்க்கும்போதுதான் கூத்து. புள்ளியும் புள்ளியும் சேர்ந்தாயிற்று. திருப்பினால் பாதி தூரம் போய் நின்றுவிடுகிறது. அல்லது உட்காரவே மறுக்கிறது. அல்லது முழுசாகத் திரும்புகிறது, ஆனால் "க்ளிக்" சத்தம் மட்டும் வரவில்லை. இந்த இடத்தில் கை தானாக ஒரு காரியம் செய்யும்: இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருப்பும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று கேட்டு வளர்ந்த கை அல்லவா! ஆனால் லென்ஸ் அம்மி இல்லை.

விஷயம் இதுதான். மாட்டாத லென்ஸ் எல்லாம் கெட்டுப்போன லென்ஸ் கிடையாது. பல நேரங்களில் அது அடுத்த வீட்டுச் சாவி. சாவி திரும்பவில்லை என்றால் கதவு எண்ணைப் பார்க்க வேண்டும். பூட்டை உடைக்கக் கூடாது. மாட்டாத லென்ஸால் வரும் நஷ்டம் சின்னது. அதை எப்படியாவது மாட்டிவிட வேண்டும் என்கிற பிடிவாதத்தால் வரும் நஷ்டம்தான் பெரியது.

போன பணமும் இருக்கிற கேமராவும்

பி.காம் பாடத்தில் 'சங்க் காஸ்ட்' என்று ஒன்று வரும். போட்ட பணம் போனதுதான். இனி எடுக்கப்போகும் முடிவில் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது அதன் சாரம். பரீட்சையில் எல்லோரும் எழுதிவிடுவார்கள். கையில் மாட்டாத லென்ஸ் இருக்கும்போதுதான் மறந்துபோகும்.

ஒரு உதாரணம். ஒரு மாணவர் ஐந்தாயிரம் ரூபாய்க்கு லென்ஸ் வாங்குகிறார். அவருடைய கேமராவின் விலை முப்பதாயிரம். லென்ஸ் பாதியில் நிற்கிறது. "ஐயாயிரம் போட்டாயிற்றே" என்ற எண்ணம்தான் அவர் கையை முறுக்க வைக்கிறது. முறுக்கினால் உடையப்போவது கேமராவின் முளையாக இருக்கலாம், உள்ளே இருக்கிற கண்ணாடியாக இருக்கலாம், மின்தொடர்பு முனைகளாக இருக்கலாம். அதாவது ஐயாயிரத்தைக் காப்பாற்ற முப்பதாயிரத்தைப் பந்தயம் கட்டுகிறார். சூதாட்டத்தில்கூட ஜெயித்தால் கூடுதலாகக் கிடைக்கும். இங்கே ஜெயித்தால் கிடைப்பது ஏற்கெனவே காசு கொடுத்த அதே லென்ஸ்தான்.

ஆகவே முதல் விதி: தடை தெரிந்த இடத்தில் கையை எடுக்க வேண்டும். வந்த வழியிலேயே மெதுவாகத் திருப்பி லென்ஸைக் கழற்றி, மேசையில் வைத்து, கேமராவுக்கு மூடி போட்டுவிட வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரே கம்பெனி என்றால் ஒரே மவுண்ட்டா?

லென்ஸ் கேமராவோடு சேரும் முறைக்கு மவுண்ட் என்று பெயர். பெரும்பாலானவற்றில் லென்ஸின் பின்னால் மூன்று நாக்குகள் இருக்கும். அவை கேமரா வாயின் மூன்று இடைவெளிகளில் நுழைந்து, திருப்பியதும் உள்பக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கேமராவில் ஸ்பிரிங் வைத்த ஒரு முளை லென்ஸில் உள்ள குழியில் விழும். அதுதான் அந்த "க்ளிக்". இதோடு இன்னொரு அளவும் உண்டு. லென்ஸ் உட்காரும் முகத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரைக்குமான தூரம். இது ஒவ்வொரு மவுண்ட்டுக்கும் வேறு. மில்லிமீட்டரில் சிறு பகுதி மாறினாலும் ஃபோகஸ் போய்விடும்.

இப்போது கேனான் கதையைப் பார்க்கலாம். 1971-இல் எஃப்டி மவுண்ட் வந்தது. 1987-இல் இஓஎஸ் 650 கேமராவோடு இஎஃப் மவுண்ட் வந்தது. வாய் அகலம் 54 மி.மீ., நெம்புகோல் எதுவும் இல்லை, எல்லாமே மின்சாரத் தொடர்பு. நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் அதுவரை எஃப்டி லென்ஸ் சேர்த்து வைத்திருந்தவர்களுக்குப் புதிய கேமராவில் ஒன்றும் மாட்டாது என்றாகிவிட்டது. 2003-இல் இஎஃப்-எஸ், 2012-இல் இஎஃப்-எம், 2018-இல் ஆர்எஃப். ஆக, "கேனான் லென்ஸ்" என்று ஒருவர் விளம்பரம் போட்டால் இந்த ஐந்தில் எதுவாகவும் இருக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையில் கால்வாசியைச் சொல்லியிருக்கிறார்.

மினோல்ட்டாவும் அப்படித்தான். 1985-இல் தானியங்கி ஃபோகஸுக்காக ஏ மவுண்ட்டுக்கு மாறியது. அந்தக் கேமராத் தொழில் 2006-இல் சோனியிடம் போனது. அதனால் 1985-க்குப் பிந்தைய மினோல்ட்டா ஏ மவுண்ட் லென்ஸ், சோனியின் ஏ மவுண்ட் கேமராவில் அழகாக மாட்டும். அதற்கு முந்தைய எம்டி லென்ஸ் மாட்டாது. இரண்டிலும் முன்னால் எழுதியிருப்பது "மினோல்ட்டா" என்றுதான். சோனியின் இ மவுண்ட், 2010-இல் வந்தது, முற்றிலும் வேறு வகை.

சிக்மா, டாம்ரான், டோக்கினா போன்ற கம்பெனிகள் ஒரே லென்ஸைப் பல மவுண்ட்டுகளில் செய்து விற்றவை. வெளித்தோற்றம், எழுத்து, அளவு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஒன்று நிக்கானுக்கு, ஒன்று கேனானுக்கு, ஒன்று பென்டாக்ஸுக்கு. பின்பக்கத்தைப் பார்க்காமல் சொல்லவே முடியாது.

திரும்பும் திசையே ஒரு தடயம். கேமராவை முன்பக்கமாகப் பார்த்தால், நிக்கான் எஃப் மவுண்ட் லென்ஸ் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் திரும்பி மாட்டும். கேனான் இஎஃப் கடிகாரத் திசையில். கேனானில் பழகியவர் நண்பரிடம் நிக்கான் வாங்கி மாட்டிப் பார்த்து, "இது ஜாம் ஆகியிருக்கு" என்று திருப்பிக் கொடுப்பதும் நடக்கும்.

மரை வைத்த மாயை

ரஷ்ய ஹீலியோஸ் மாதிரிப் பழைய லென்ஸ்களை மலிவாக வாங்குகிறவர்கள் சந்திப்பது வேறு தொல்லை. இவற்றில் நாக்கு கிடையாது, மரை. ஹீலியோஸ் 44-2 போன்றவை எம்42 வகை. விட்டம் 42 மி.மீ., ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. முன்னேறும். டி-மவுண்ட் என்று இன்னொன்று உண்டு. டெலஸ்கோப் இணைப்புகளிலும் சில பழைய டெலி லென்ஸ்களிலும் வரும். அதுவும் 42 மி.மீ. விட்டம்தான். ஆனால் ஒரு சுற்றுக்கு 0.75 மி.மீ. மட்டுமே.

கண்ணால் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றில் மற்றொன்றை வைத்துத் திருகினால் முதலில் கொஞ்சம் நன்றாகப் போகும். பிறகு இறுகும். "மரை துரு ஏறியிருக்கு, எண்ணெய் விட்டுப் பார்க்கலாம்" என்று ஒருவர் யோசனை சொல்வார். விட்டுத் திருகினால் இரண்டு மரையும் தேய்ந்து, உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணா என்று ஆகிவிடும்.

39 மி.மீ. மரையில் இன்னும் வினோதம். பழைய லைக்கா வகைக் கேமராக்களுக்கு ஃபிலிம் வரைக்குமான தூரம் 28.8 மி.மீ. ஆரம்பகால ஜெனிட் எஸ்எல்ஆர் கேமராக்களுக்கும் 39 மி.மீ. மரைதான், ஆனால் தூரம் 45.2 மி.மீ. இன்டஸ்டார்-50 என்ற லென்ஸ் இரண்டு வகைக்கும் செய்யப்பட்டது. இங்கே தவறான லென்ஸ் மாட்டிக்கொள்ளவும் செய்யும்; படம்தான் தெளிவாக வராது. வாங்கியவர் கண்ணாடியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

சொந்தக்காரனிடம்தான் அதிக ஜாக்கிரதை

வேறு கம்பெனி லென்ஸ் மாட்டாவிட்டால் சீக்கிரம் புரிந்துவிடும். ஒரே குடும்பத்து லென்ஸ் மாட்டாதபோதுதான் கை பலம் காட்டும். ஆபத்தும் அங்கேதான் அதிகம்.

நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இல் வந்தது. கேனானைப் போல அதைத் தூக்கி எறியாமல் பல பத்தாண்டுகள் நிக்கான் காப்பாற்றியது. அதற்காகப் பாராட்டலாம். ஆனால் 1977-இல் ஏஐ என்ற மாற்றம் வந்தது. லென்ஸில் எந்த அபெர்ச்சர் வைத்திருக்கிறார்கள் என்று கேமராவுக்குச் சொல்ல, கேமரா வாயைச் சுற்றி ஒரு சிறு நாக்கு வைத்தார்கள். அதற்கு முந்தைய லென்ஸ்களின் அபெர்ச்சர் வளையம் அந்த நாக்கின் மேலேயே போய் இடிக்கும். டி200, டி300, டி700, டி7000 போன்ற கேமராக்களில் 1977-க்கு முந்தைய, மாற்றம் செய்யப்படாத லென்ஸை அழுத்தித் திருப்பினால் அந்த நாக்கு உடையலாம். நாக்கை மடித்து வைக்கும் வசதி 2013-இல் வந்த டிஎஃப் கேமராவில் இருந்தது. டி40 மாதிரி எளிய கேமராக்களில் அந்த நாக்கே இல்லாததால் பழைய லென்ஸ் நிம்மதியாக மாட்டும். விலை கூடிய கேமராவில் ஆபத்து, விலை குறைந்த கேமராவில் சௌகரியம். விலையைப் பார்த்துப் பொருத்தத்தை ஊகிக்க முடியாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

கேனான் இஎஃப்-எஸ் லென்ஸின் பின்பக்கம் கேமராவுக்குள் கூடுதலாக நீண்டிருக்கும். அதன் அடையாளம் வெள்ளைச் சதுரம். இஎஃப்புக்குச் சிவப்புப் புள்ளி. ஃபுல் ஃபிரேம் இஓஎஸ் எஸ்எல்ஆரில் வெள்ளைச் சதுரமே இருக்காது. சதுரம் இல்லை என்பதுதான் "இங்கே மாட்டாதே" என்ற எச்சரிக்கை. மீறித் திணித்தால் மேலும் கீழும் போகிற கண்ணாடி லென்ஸில் இடிக்கும். இதிலும் ஒரு விதிவிலக்கு: 10டி என்ற கேமரா சின்ன சென்சார் கொண்டதுதான், 300டி வந்த அதே 2003-இல் வந்ததுதான், ஆனால் அதில் இஎஃப்-எஸ் மாட்டாது. "சின்ன சென்சார் என்றால் இஎஃப்-எஸ் போகும்" என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே தோற்பார்கள்.

பென்டாக்ஸ்காரர்களுக்கு ஒரு பொறி உண்டு. 1975-இல் வந்த கே மவுண்ட்டை ரிக்கோவும் பயன்படுத்தியது. சில ரிக்கோ லென்ஸ்களின் பின்னால் கூடுதலாக ஒரு சின்ன முளை இருக்கும். பென்டாக்ஸின் தானியங்கி ஃபோகஸ் கேமராவில் மாட்டினால், ஃபோகஸைச் சுழற்றுகிற ஸ்க்ரூ இருக்கும் குழியில் அந்த முளை போய் விழுந்துவிடும். பிறகு லென்ஸ் கழலாது. மாட்டும்போது தடையே தெரியாது. கழற்றும்போதுதான் விதி சிரிக்கும். அப்படிச் சிக்கிக்கொண்டால் வீட்டில் வைத்துப் பிடுங்காமல் கேமரா ரிப்பேர் தெரிந்தவரிடம் கொண்டுபோவதுதான் மரியாதை.

உண்மையிலேயே பழுது என்றால்

மவுண்ட் அதுவேதான், கேமராவும் அதற்கானதுதான், ஆனாலும் மாட்டவில்லை. இப்போதுதான் பழுதைத் தேடத் தொடங்க வேண்டும். அதற்கும் வரிசை இருக்கிறது.

முதலில் குற்றவாளி லென்ஸா, கேமராவா என்று பிரிக்க வேண்டும். ஏற்கெனவே ஒழுங்காக மாட்டிக்கொண்டிருந்த லென்ஸ் ஒன்றைக் கேமராவில் மாட்டிப் பார்த்தால் போதும். அது "க்ளிக்" என்று உட்கார்ந்தால் கேமரா நிரபராதி. அதுவும் தகராறு செய்தால் கேமராவின் ரிலீஸ் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். முளை உள்ளே போய், விட்டதும் துள்ளி வெளியே வர வேண்டும். மணலோ பிசுக்கோ ஏறியிருந்தால் பாதியில் நிற்கும். அதேபோல, சரியான பின்மூடி ஒன்றை லென்ஸில் போட்டுப் பார்க்கலாம். மூடி போகவே போகாது என்றால் மவுண்ட் வேறாக இருக்கும், அல்லது நாக்கு வளைந்திருக்கும். ஆனால் மூடி போய்விட்டதால் லென்ஸ் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. பிளாஸ்டிக் மூடி நெகிழ்ந்து கொடுக்கும். அது குடும்பத்தைக் காட்டும், உடல்நிலையைக் காட்டாது.

அடுத்து, லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பின்வளையத்தைப் பார்க்க வேண்டும். வளையத்தின் ஸ்க்ரூ ஏதாவது தலை தூக்கியிருக்கிறதா? முழுசாக இறங்காத ஒரே ஒரு ஸ்க்ரூ போதும், லென்ஸ் பாதியில் நிற்க. ஸ்க்ரூ குறைகிறதா? தலையில் வழுக்கிய தழும்பு இருக்கிறதா? இருந்தால் ஏற்கெனவே யாரோ பிரித்திருக்கிறார்கள். ஜப்பானிய லென்ஸ்களின் ஸ்க்ரூக்கள் சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ டிரைவருக்கு முழுசாகப் பொருந்தாதவை. அதனால்தான் அந்தத் தழும்பு. பிரித்தவர் வளையத்தைத் தவறான கோணத்தில் திரும்பப் பூட்டியிருந்தால் புள்ளி ஒரு இடத்திலும் குழி ஒரு இடத்திலும் இருக்கும். வளையத்துக்கு அடியில் சில லென்ஸ்களில் மெல்லிய தகடுகள் வைத்திருப்பார்கள், தூரம் சரியாக இருப்பதற்காக. அதைத் தொலைத்துவிட்டுப் பூட்டியிருந்தால் லென்ஸ் மாட்டும், ஃபோகஸ் சரியாக நிற்காது.

மூன்றாவது, நாக்குகள். மூன்றும் ஒரே தடிமனில், ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கேனானின் 50 மி.மீ. எஃப் 1.8 இரண்டாம் பதிப்பு மாதிரி மலிவான லென்ஸ்களில் வளையமே பிளாஸ்டிக். கீழே விழுந்தால் ஒரு நாக்கு விண்டுபோகும். இரண்டு நாக்கோடும் லென்ஸ் மாட்டத்தான் செய்யும். கொஞ்சம் சாய்ந்து உட்காரும். படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கலாக வந்தால் இதையும் சந்தேகிக்க வேண்டும். நிக்கானாக இருந்தால் அபெர்ச்சரை இயக்கும் சின்ன நெம்புகோல் வளைந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

மாட்டிய பிறகு லென்ஸ் லேசாக இடம் வலம் ஆடினால் பதற வேண்டாம். முளைக்கும் குழிக்கும் நடுவே சிறிது இடைவெளி இருப்பது சகஜம். முன்னும் பின்னும் ஆடினால், அல்லது வளையத்துக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு பக்கம் சந்து தெரிந்தால், அதுதான் பழுது.

கடைசியாக, மாட்டியும் வேலை செய்யாத வகை. கேனானில் "எர்ரர் 01" வந்தால் லென்ஸுக்கும் கேமராவுக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை என்று அர்த்தம்; மின்தொடர்பு முனைகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தாலே சில நேரம் சரியாகும். நிக்கானில் அபெர்ச்சர் வளையம் உள்ள லென்ஸை மாட்டியதும் எஃப்-இ-இ என்று எழுத்து மின்னினால் பலர் லென்ஸ் போச்சு என்று நினைக்கிறார்கள். வளையத்தைக் கடைசி எண்ணில், அதாவது மிகச் சிறிய அபெர்ச்சரில் வைத்தால் தீர்ந்தது. ஒரு திருப்பில் தீர்கிற விஷயத்துக்காக லென்ஸைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு.

"அடாப்டர் இருக்கே" என்பவர்களுக்கு

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒருவர் சொல்வார்: "எதுக்கு இவ்வளவு? அடாப்டர் வாங்கினா எல்லாம் எல்லாத்துலயும் மாட்டும்." பாதி சரி. அந்தப் பாதி எது என்பதற்கு ஒரு கழித்தல் கணக்குப் போதும்.

நிக்கான் எஃப் மவுண்ட்டின் தூரம் 46.5 மி.மீ., கேனான் இஎஃப்பின் தூரம் 44 மி.மீ. வித்தியாசம் 2.5 மி.மீ. அந்த இடத்தில் ஒரு வளையம் வைத்தால் நிக்கான் லென்ஸ் கேனான் எஸ்எல்ஆரில் உட்காரும். மாற்றிச் செய்ய முடியாது. கழித்தால் மைனஸ் வருகிறது. மைனஸ் தடிமனில் வளையம் செய்ய எந்தப் பட்டறையாலும் முடியாது. கேனானின் சொந்த எஃப்டி லென்ஸ் 42 மி.மீ. அதனால் அண்ணன் வீட்டு லென்ஸே தம்பி வீட்டில் 2 மி.மீ. தள்ளி நிற்கும், நடுவில் கூடுதல் கண்ணாடி வைக்காமல் தூரத்துக் காட்சி தெளியாது. எதிரி வீட்டு நிக்கான் லென்ஸ் சௌகரியமாக மாட்டும்!

கண்ணாடியில்லாத கேமராக்கள் வந்த பிறகு நிலைமை நல்லபடியாக மாறியது. சோனி இ 18 மி.மீ., நிக்கான் இசட் 16 மி.மீ., கேனான் ஆர்எஃப் 20 மி.மீ. எஸ்எல்ஆர் காலத்து லென்ஸ்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் தாராளமாக இடம் இருக்கிறது. அனாதையாகக் கிடந்த எஃப்டி லென்ஸ்களுக்கு மறுவாழ்வு கிடைத்தது இதனால்தான். ஆகவே இன்று ஒரு லென்ஸ் மாட்டவில்லை என்றால் "வீண்" என்று முடிவு செய்ய அவசரப்பட வேண்டாம். அதற்கு ஒரு வளையம் மட்டும் தேவைப்படலாம். ஆனால் வளையம் வாங்கவும் மவுண்ட்டின் பெயர் தெரிய வேண்டும். எங்கே சுற்றினாலும் கடைசியில் பெயரில்தான் வந்து நிற்கிறது.

நாக்கை ராவிவிட்டால் போகும் என்பவர்களும் இருக்கிறார்கள். பழைய லென்ஸ்களின் அபெர்ச்சர் வளையத்தை ஏஐ முறைக்கு மாற்றும் வேலையை ஒரு காலத்தில் நிக்கானே செய்து கொடுத்தது. அது அளவு தெரிந்து செய்த வேலை. அரத்தை எடுத்துக்கொண்டு குத்துமதிப்பாக ராவுவது வேறு. உலோகத்தூள் சென்சாரில் போய் உட்கார்ந்த பிறகு மாட்டிய சந்தோஷம் எத்தனை நாள் நிற்கும்?

யார் சொல்ல வேண்டும்?

இப்போது பொறுப்புக் கணக்குக்கு வரலாம். ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை ஒன்று பழைய கார் சந்தையைப் பற்றியது. விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் காருக்கும் குறைத்தே விலை கேட்பார். நல்ல கார் வைத்திருப்பவர் கட்டுப்படியாகாமல் சந்தையை விட்டுப் போய்விடுவார் என்பது அவர் வாதம். 2001-இல் இரண்டு பேரோடு சேர்ந்து அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

பழைய லென்ஸ் சந்தைக்கும் இது பொருந்தும். உள்ளே இருக்கிற பூஞ்சை, அபெர்ச்சர் இதழில் எண்ணெய் இதெல்லாம் மறைந்திருக்கும் குறைகள். ஆனால் மவுண்ட் மறைந்திருக்கும் விஷயமே இல்லை. பின்மூடியைக் கழற்றி ஒரு படம் எடுத்துப் போட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். செலவு பூஜ்யம். அப்படியிருந்தும் போடாமல் "சூப்பர் கண்டிஷன், கேனான் லென்ஸ், அவசர விற்பனை" என்று மட்டும் எழுதுவது சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனத்தின் விலையை யாரோ ஒருவர் தன் கேமராவால் கட்டுகிறார்.

"வாங்குபவர்தான் உஷாராக இருக்க வேண்டும், கேவியட் எம்ப்டார் படித்ததில்லையா?" என்று கேட்கலாம். படித்ததுதான். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் 16-ஆம் பிரிவு அந்தக் கொள்கையைச் சொல்லும்போதே விதிவிலக்கையும் சொல்கிறது. வாங்குபவர் எந்த உபயோகத்துக்கு என்று தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், அது அவர் வழக்கமாக விற்கும் சரக்காகவும் இருந்தால், அந்த உபயோகத்துக்குப் பொருந்த வேண்டியது விற்பவர் பொறுப்பு. ஆகவே கடையில் வாங்குகிறவர் "இந்த மாடல் கேமராவுக்கு வேண்டும்" என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. தனிநபரிடம் வாங்கும்போது இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது, அவருக்கு அது தொழில் இல்லை. ஆனால் 15-ஆம் பிரிவு இருக்கிறது: வர்ணித்து விற்றால் சரக்கு அந்த வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும். "கேனான் லென்ஸ்" என்ற வர்ணனைக்கு எஃப்டியும் ஒத்துப்போகும். "இஎஃப் மவுண்ட்" என்று எழுதிவிட்டு எஃப்டி அனுப்பினால் ஒத்துப்போகாது. ஒரு சொல் கூடுதலாக எழுத வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விற்பவர் எழுத வேண்டியது நான்கே விஷயம். லென்ஸின் முன்வளையத்தில் உள்ள எழுத்து முழுவதும், ஒன்று விடாமல். மவுண்ட்டின் பெயர். கடைசியாக எந்தக் கேமராவில் மாட்டிப் பார்த்தது, க்ளிக் என்று பூட்டியதா என்பது. பின்பக்கத்தின் நேரான படம் ஒன்று. தாத்தா வைத்திருந்தது, மவுண்ட் பெயர் தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதலாம். படம் இருந்தால் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஒரே மவுண்ட் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று சிலர் கேட்பார்கள். வைக்க மாட்டார்கள். பத்து லென்ஸ் சேர்த்தவர் கேமராவை மாற்றும்போதும் அதே கம்பெனிக்குத்தான் வர வேண்டும். அந்தக் கட்டாயத்தில்தான் அவர்கள் வியாபாரமே நிற்கிறது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் போல, 2018-இல் லைக்காவும் பானசோனிக்கும் சிக்மாவும் சேர்ந்துகொண்ட எல் மவுண்ட் போல, சில கூட்டணிகள் உண்டு. அவை விதிவிலக்குகள்தான். பூட்டு பலவிதமாக இருக்கிற ஊரில் சாவிக்குப் பெயர் எழுதி வைப்பது ஒன்றே வழி.

வாங்குபவருக்கு மிச்சம் இருப்பது ஒரே வேலை. விலை பேசுவதற்கு முன்னால் பின்பக்கப் படத்தைக் கேட்க வேண்டும். அனுப்பினால் பார்த்து முடிவு செய்யலாம். "அதெல்லாம் எதுக்கு, மாட்டும் சார்" என்று மட்டும் பதில் வந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த லென்ஸ் வேறு யாருக்காவது போகட்டும்.